வலப்பக்கம் திரும்பும் கை

ஞாயிறு, ஆனி 7

புது மோட்டார் சைக்கிள் வந்ததிலிருந்து இவருக்கு என் கை பிடிக்கவில்லை. வலப்பக்கம் திரும்பும்போது பின்னாலிருந்து நான்தான் கையை நீட்டுவேன். கலியாணம் முடித்த நாள் முதல் அப்படித்தான்.

"சிக்னல் லைட் இரிக்குத்தானே புள்ள, ஆக்கள் சிரிக்கிறாங்க" என்றார் நேற்று.

சரியென்று இன்று ஆரையம்பதிச் சந்தியில் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன். இவர் திரும்பினார். பின்னால் வந்த பஸ் கிறீச்சிட்டு நின்றது. கொண்டக்டர் கண்டபடி ஏசினான்.

"ஏன் கை காட்டல்ல?" என்று என்னிடம் கத்தினார்.

"நீங்கதானே வேணாமெண்டீங்க. லைட் போடல்லையா?"

"நீ காட்டுவாய் எண்டு நினைச்சன்."

ஏசத்தான் வாயெடுத்தேன். சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வரும்போது எங்கள் வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கைக்கு முன்னால் லைட்டைப் போட்டார். ஆனாலும் நான் கையை நீட்டும்வரை மனிசன் திருப்பவில்லை.