தலைவனுக்கு ஒரு பலகை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், சித்தி சுகம், அப்பாவின் சுகம் இந்தக் கடிதம் முடிவதற்குள் தெரிந்துவிடும். ஆபரேஷன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பதறாதே, இதயத்தில் வால்வு மாற்றுவதெல்லாம் இப்போது சாதாரணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்பே சொல்லவில்லை என்று என்னைக் கோபிக்காதே, புத்தகம் அச்சுக்குப் போகிற நேரத்தில் பிள்ளையைக் கலங்கடிக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

நீ எழுதி அனுப்பிய கப்பல் வியாபாரிகள் நாவல்தான் ஆபரேஷனைத் தள்ளிப்போட அவருக்கு நல்ல சாக்காகப் போயிற்று. டாக்டர் தேதி கொடுக்கும்போதெல்லாம் கதை முடியட்டும் என்பார். வழக்கம்போல அப்பா ஒரு தாளை முடித்து என் பக்கம் தள்ளுவார், நான் முடித்துச் சித்திக்குத் தருவேன், அப்பா சிரித்தாலும் நம் முறை வரும்வரை என்ன என்று கேட்கக் கூடாது. ஒருநாள் மின்விசிறிக் காற்றில் சித்தியின் தாள்கள் பறந்து முன்பின்னாகிவிட்டன. கப்பல் கணக்கப்பிள்ளை மிளகு மூட்டையோடு மூழ்கியதைப் படித்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தவள், அடுத்த தாளில் அவன் கொள்ளையரோடு வாள் வீசுவதைப் பார்த்து, செத்தவன் எப்படிக்கா சண்டை போடுவான், உன் மகளுக்கு மூளை குழம்பிப்போச்சா என்று கத்தினாளே பார்க்கலாம்!

நாவலின் கடைசித் தாள்கட்டை மட்டும் அப்பா பிரிக்காமல் அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். ஆபரேஷன் முடிஞ்சு வந்து படிச்சுக்கறேன், அதுக்காகவாவது வந்துதானே ஆகணும் என்றார். எனக்குப் பொறுக்குமா? அவர் குளிக்கப் போன நேரத்தில் எடுத்துப் படித்துவிட்டேன். அடிப்பாவி, எல்லோரையும் படகில் ஏற்றிவிட்டுத் தலைவனை மட்டும் கப்பலோடு மூழ்கடித்துவிட்டாயே! அவருக்குத் தெரிந்தால் மனசு விட்டுவிடுவாரோ என்று பயந்து, எடுத்த மாதிரியே வைத்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

இன்று காலை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, அந்தக் கட்டை நீ தொடாதே, நான் முதல்லயே படிச்சிட்டேன், அவன் திரும்பி வரமாட்டான், தனியா இருக்கும்போது நீ அதைப் படிக்க வேண்டாம் என்றார். சரி என்று தலையாட்டினேன்.

நேற்று இந்த வரி வரை எழுதியதும் நர்ஸ் கூப்பிட்டதால் எழுந்து ஓடினேன். நல்லபடியாக முடிந்தது. இன்று காலை கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்க விட்டார்கள், என்னைப் பார்த்துக் கையை அசைத்தார். நான் அழுத அழுகைக்கு நர்ஸிடம் திட்டு வாங்கினேன்.

வேளைக்குச் சாப்பிடு, எழுதுகிற மும்முரத்தில் மாப்பிள்ளை மேல் எரிந்து விழாதே. இருவரும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அப்பா வீட்டுக்கு வருவதற்குள் அந்தக் கடைசிக் கட்டை மாற்றி எழுதி அனுப்பு. தலைவனை முழுசாகக் காப்பாற்றினால் கதை கெட்டுவிடும் என்பாய், எனக்குத் தெரியும். போகட்டும், அவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் ஒரு பலகையையாவது மிதக்க விடு. மிச்சத்தை அவன் பார்த்துக்கொள்வான்.

ஆசீர்வாதங்களுடன்,
உன் அம்மா