இழுத்துப் பிடித்த டேப்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. இங்கே நான், உன் மச்சான், பாப்பா மூவரும் நலம். உனக்கு வயிற்று வீக்கம் கொஞ்சம் வற்றியிருப்பதாக அண்ணி சொன்னார். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். நீ கிழித்துப் போட்டாலும் அண்ணி ஒட்டவைத்துப் படித்துக் காட்டுவார்.

என் கல்லீரலில் ஒரு பகுதியை உனக்குத் தர முடியுமா என்று பார்க்கப் போனேன் அல்லவா? ரத்தம் பொருந்திவிட்டது. ஆனால் கல்லீரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, எடுக்க முடியாது என்று டாக்டரம்மா கையை விரித்துவிட்டார். 'எடையைக் குறைச்சுட்டு வாங்க, திரும்பப் பார்க்கலாம்' என்றார். நீ அதைக் கேட்டு, 'நல்லதாப் போச்சு, அவ உடம்புல கத்தி படவேணாம்' என்றாயாம். அண்ணி என்னிடம் எதையும் மறைப்பதில்லை.

எனக்கு வேலையோ பேக்கரியில். பகலெல்லாம் க்ரீம் கேக்கைப் பெட்டியில் வைத்துக் கட்டுவேன், வீட்டுக்கு வந்து வெள்ளரிக்காய் நறுக்குவேன். ஓரம் உடைந்த பிஸ்கட்டை முதலாளி எனக்கென்றே எடுத்து வைப்பார். வேண்டாம் என்றதும், நான் வேலையை விடப் போகிறேனோ என்று பயந்துவிட்டார், பாவம்.

ஞாயிறுதோறும் உன் மச்சான் டேப்பை எடுத்து என் வயிறு, இடுப்பு, கை, தொடை எல்லாவற்றையும் அளப்பார். வாரத்துக்கு வாரம் அளவு இறங்கியது. ஆனால் பாவாடை நாடா மட்டும் பழைய இடத்திலேயே முடிச்சு விழுந்தது. எனக்குச் சந்தேகம் தட்டி, ஒருநாள் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு அளக்கச் சொன்னேன். பார்த்தால், மனிதர் டேப்பைச் சதையில் பதியப் பதிய இழுத்துப் பிடிக்கிறார். கேட்டதற்கு, 'நீ மூஞ்சியத் தொங்கப் போடறத என்னால பார்க்க முடியல' என்றார். 'டேப்ப ஏமாத்தலாம், ஸ்கேன ஏமாத்த முடியுமா' என்று கேட்டேன். அழுதுவிட்டேன். சரியாக அளந்தபோது, குறைந்ததாக நினைத்ததில் பாதிகூடக் குறையவில்லை.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, 'வா, நடக்கலாம்' என்றார். அன்றிலிருந்து காலையில் இரண்டு பேரும் நடக்கிறோம். தெரு நாய்கள்கூட எங்களைப் பார்த்துக் குரைப்பதை விட்டுவிட்டன. டேப்பைப் பாப்பாவிடம் கொடுத்துவிட்டேன். அவளிடம் பாச்சா பலிக்காது. வயிற்றை எக்கினால், 'அம்மா, மூச்சை விடு' என்று காத்துக்கொண்டு நிற்பாள். சில வாரம் அரை அங்குலம் குறையும், சில வாரம் ஒன்றுமே இருக்காது. எடை மெஷின் அசையாத வாரத்திலும் வயிற்றளவு கொஞ்சம் இறங்கியிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வாரத்தை ஓட்டினேன்.

நேற்று மறுபடி ஸ்கேன். டாக்டரம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 'என்ன செஞ்சீங்க?' என்றார். தப்பு செய்தவள் மாதிரி, 'நடந்தேங்க' என்றேன். 'கொழுப்பு நல்லாக் கரைஞ்சிருக்கு, இப்ப எடுக்கலாம்' என்றார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணீர் வாங்கப் போன உன் மச்சான் வெறுங்கையோடு திரும்பி வந்தார். எதற்குப் போனோம் என்றே மறந்துவிட்டதாம். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

இனி நீ சம்மதிப்பது ஒன்றுதான் பாக்கி. எனக்கு வலிக்குமே என்று யோசிக்கிறாய், தெரியும். வெட்டிய கல்லீரல் சில மாதத்தில் திரும்ப வளர்ந்துவிடுமாம். அண்ணன் அப்படி வளர்வதில்லை.

வெள்ளிக்கிழமை நாங்கள் பஸ் ஏறுகிறோம். நீ வேண்டாம் என்றாலும் ஏறுவோம். உப்பைக் குறைத்துச் சாப்பிடு, அண்ணியிடம் எரிந்து விழாதே. நான் வந்து சேரும்வரை உடம்பைப் பார்த்துக்கொள், அண்ணா. அப்புறம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அன்புத் தங்கை