எட்டாவது கோலில் ஒரு கல்

1994 ஜனவரி 19, புதன்

வேலை விட்டு வந்தால் மேசைமேல் பாடக்கட்டு! ஆறு புத்தகங்கள். புவி அறிவியல் அறிமுகம், தபால்வழி, தமிழில். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் பத்தொன்பது வருஷமாக அடுத்தவர் வழக்குகளை நகலெடுக்கிறேன். நாற்பத்து நாலு வயதில் எனக்கென்று ஒரு பாடம். பதினேழு வயதில் இதைத்தான் கேட்டேன். "மலையும் பாறையும் ஏறி நடக்கது பெம்பிளைக்கு உள்ள படிப்பு இல்ல" என்று அப்பா முடித்துவிட்டார்.

ஆறு புத்தகத்திலும் பெயர் எழுதினேன். மரகதவல்லி. முழுப்பெயர்.

என் வீட்டுக்காரர் சிவதாணு எட்டிப் பார்த்தார். "ஏட்டி, கல்லப் பத்தி எழுத ஆறு புஸ்தகமா?"

"உங்களப் பத்தி ஒண்ணுகூட இல்லியே. கல்லுக்கு ஆறு உண்டு" என்றேன்.

பிப்ரவரி 5, சனி

முதல் பயிற்சி: உங்கள் ஊர்ப் பாறை ஒன்றை விவரித்து, மாதிரியுடன் அனுப்புக. எங்கள் பாறசாலை ஸ்டேஷனில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கிடந்த ஒரு கல்லை எடுத்துவந்தேன். சாம்பல் நிறம், கூரான விளிம்பு, உள்ளே மினுக்கம். நாலு பக்கம் எழுதினேன். நானே வாசித்து நானே மெச்சிக்கொண்டேன்.

மார்ச் 2, புதன்

பயிற்சி திரும்பி வந்திருக்கிறது, திருத்தியவரின் குறிப்போடு. சிவப்பு மையில்: "விவரிப்பு நன்று. ஆனால் இது ரயில் பாதையில் கொட்டும் ஜல்லி. வேறெங்கிருந்தோ வந்த கல். உங்கள் காலடியில் என்ன இருக்கிறது?"

மானம் போச்சு. பத்தொன்பது வருஷமா அந்த ஸ்டேஷன்ல ஏறி இறங்குதேன், ஜல்லின்னு தெரியாதா எனக்கு? கண்ணு எங்க போச்சு? என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு பக்கத்து வீட்டுச் சுகுமாரிக்குக் கேட்டிருக்கும்.

மார்ச் 3

கேட்டிருக்கிறது. "என்ன மயினி, ரயில்வே கல்லாம்?"

மார்ச் 13, ஞாயிறு

சுகுமாரி வீட்டில் கிணறு வெட்டுகிறார்கள். கடைசிப் பயிற்சிக்கு இதைவிட என்ன வேண்டும்? எந்த ஆழத்தில் என்ன மண், என்ன கல் என்று படம் வரைய வேண்டும். கீழே "நேரில் கண்டு வரைந்தேன்" என்று கையெழுத்து. அது இல்லாமல் தேர்ச்சி கிடையாது.

நோட்டோடு போனேன். மேஸ்திரி பொன்னப்பன் கையை விரித்து மறித்தார்.

"கிளார்க்கம்மா அங்கயே நிக்கணும். கிணறு வெட்டுத எடத்துல பெம்பிளைகள் எட்டிப் பாக்கப்பிடாது. தண்ணி ஒதுங்கிரும் ஆக்கும்."

சுகுமாரியே வேலிப்பக்கம்தான் நிற்கிறாள், அவள் கிணற்றுக்கு! எவ்வளவோ வாதாடினேன். தன் அளவுகோலால் அளந்து, ஒவ்வொரு கோல் ஆழத்திலும் ஒரு பிடி மண்ணைத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்து மதில்மேல் வைக்கிறேன் என்றார். அவ்வளவுதான் அவர் தரும் சலுகை.

மார்ச் 20, ஞாயிறு

மதில்மேல் ஐந்து சிரட்டை. செம்மண், வெட்டுகல் (புத்தகத்தில் செம்புரைக்கல்), மறுபடி வெட்டுகல், மஞ்சள் மண், வெள்ளைச் சேடிக் களிமண். தொட்டுப் பார்க்கத் தொட்டுப் பார்க்க ஆசை தீரவில்லை. என் காலடி!

ஆனால் கையெழுத்து? இவர் சொல்கிறார்: "பொன்னப்பன் சொல்லதக் கேட்டு வரைஞ்சு, ஒப்பு வெச்சு விடு. ஆரு வந்து பாக்கப்போறா?"

நேரில் கண்டேன் என்று கூசாமல் சொன்ன எத்தனை பேருடைய வாக்குமூலத்தை நகலெடுத்திருக்கிறேன். நான் மாட்டேன்.

மார்ச் 26, சனி

எட்டாவது கோலில் பாறை. கடப்பாறை துள்ளுகிறது. மூடிவிட்டு வேறு இடம் பார்க்கலாம் என்கிறார் பொன்னப்பன். சுகுமாரி அழுகிறாள்.

எட்டாவது சிரட்டையைப் பார்த்தேன். கல் சில்லுகள் எல்லாம் வளைந்து வளைந்து, வெங்காயத் தோல் மாதிரி. நாலாம் புத்தகத்தில் இதே படம்! வேலிக்கு இப்பாலிருந்தே கத்தினேன்: "மேஸ்திரி, அது பாறை இல்ல, உருண்டைக் கல்லு. சுத்தி உள்ளது முழுக்க இற்றுப்போச்சு, நடுவுல உள்ளது மட்டும் மிச்சம்."

"முப்பது வருசமா வெட்டுதேன். எனக்குத் தெரியாதது கிளார்க்கம்மைக்குத் தெரியுமோ? அப்பிடியெங்கி எறங்கிப் பாக்கணும்!"

கோபத்தில் சொன்னார். நானும் கோபத்தில்தான் சரி என்றேன்.

மார்ச் 27, ஞாயிறு

இறங்கினேன்.

இவருடைய பேன்ட், இடுப்பில் பெல்ட், அதற்குமேல் கயிறு. மூடப்போகிற கிணறுதானே என்று பொன்னப்பன் மறிக்கவில்லை; மேலே கயிற்றைப் பிடித்ததே அவரும் இவரும்தான். பயமாகத்தான் இருந்தது — இங்கே பொய் எழுதி என்ன? ஆனால் மண் நிறம் மாற மாற பயம் போய்விட்டது. சிரட்டையில் கண்டதெல்லாம் என்னைச் சுற்றி நின்றது, அதே வரிசையில்.

அடியில் அந்தக் கல். ஓரத்தைக் கரண்டியால் சுரண்டினேன். மண் உதிர்ந்தது. கல் உள்பக்கமாக வளைந்து போகிறது. உருண்டைதான்!

"என்ன ஆச்சு?" என்று மேலிருந்து கேட்டார் பொன்னப்பன்.

"வந்து குத்திப் பாரும்."

வந்தார். கல்லுக்குப் பக்கத்தில் கடப்பாறையைக் குத்தினார். முழங்கை நீளத்துக்கு இறங்கியது. உருவி, மறுபக்கமும் குத்திப் பார்த்தார். பிறகு, "எடுத்துரலாம்" என்றார்.

நான் அங்கேயே குந்தி உட்கார்ந்து எட்டுக் கோலையும் வரைந்தேன். கையெழுத்தையும் அங்கேயே போட்டேன்.

ஏப்ரல் 4, திங்கள்

கல்லை மூன்றாக உடைத்து எடுத்துவிட்டார்கள். பதினோராவது கோலில் தண்ணீர். "தண்ணி எனக்க கைராசி ஆக்கும்" என்கிறார் பொன்னப்பன். இருக்கட்டும். கல் என்னுடையது.

ஜூலை 21, வியாழன்

தேர்ச்சி! எழுபத்தொன்று. சிவப்பு மையில்: "நேரில் கண்டது தெரிகிறது. கோல் என்றால் எத்தனை மீட்டர்?" அதற்கு இரண்டு மதிப்பெண் குறைத்திருக்கிறார். குறைக்கட்டும். சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா இருந்திருக்கலாம்.

இவர் சான்றிதழைச் சாயாக்கடை வரை கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். பேன்ட் தன்னுடையது என்பதையும் சொன்னாராம்.

1995 மார்ச் 5, ஞாயிறு

பக்கத்து ஊர் காரோட்டிலிருந்து ராஜதாஸ் என்று ஒரு ஆள் வந்தார். அங்கே பொன்னப்பன் கிணறு வெட்டுகிறார். ஆறாவது கோலில் கல் தட்டி, வேலையை நிறுத்தி வைத்திருக்கிறாராம்.

"சாறு வந்து எறங்கிப் பாக்காம மேல வெட்டண்டாம்னு மேஸ்திரி சொன்னாரு."

பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பவர்களைத்தான் இங்கே சாறு என்பார்கள். யாரைச் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை.

இவர் உள்ளே போய் பேன்ட்டை எடுத்துவந்து கொடுத்தார்.