பணம் போடாத சார்

மார்ச் 3, வியாழன்

இன்று பத்து ஷூவில் ஆறைக் கழித்தேன். மனசு நிறைவாக வீடு வந்து சேர்ந்தேன்.

ஒரு அக்காவும் அவள் தம்பியும் சேர்ந்து நடத்தும் கம்பெனி. பள்ளிக்கூட ஷூ செய்கிறார்கள். சோல் தேய்ந்தால் ஷூவைத் தூக்கிப் போட வேண்டாம், சோலை மட்டும் மாற்றித் தருவார்கள். நல்ல யோசனைதான். ஆனால் தையல் வழி தப்பிப் போகிறது, குதிகால் கோணுகிறது. நான் ஷூ ஃபேக்டரியில் முப்பது வருஷம் தரம் பார்த்தவன். அங்கே என் பெயரே ‘ரிஜெக்ட்’. இப்போது இவர்களுக்கு ஆலோசகர். சம்பளம் இரண்டு டீ, நிறைய மரியாதை.

தம்பி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். அக்கா மட்டும், “அடுத்த வாரம் இதே தப்பு இருக்காது சார்” என்றாள். வேறு தப்பு இருக்கும், அது எனக்குத் தெரியும்.

மார்ச் 10

முதலீடு செய்ய ஒருவர் வந்தார். இந்த வெயிலில் கோட்டு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “சார் எவ்வளவு போட்டிருக்கீங்க?”

“என் அனுபவத்தைப் போட்டிருக்கேன்.”

“அது சரி. பணம்?”

டீ டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டேன். கோட்டுக்காரர் சிரித்துக்கொண்டே ஃபைலை மூடினார். கூடவே இருக்கிற மனுஷனே நம்பிப் போடவில்லை, நான் எப்படிப் போடுவது என்று வாசலில் தம்பியிடம் கேட்டாராம். அவர் கேட்டதும் நியாயமாகத்தான் படுகிறது. எரிச்சலே அதுதான்.

மார்ச் 11

வீட்டில் பேச்சை எடுத்தேன். என் மனைவி பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவள், நான் திறந்தால் மட்டும் மூடச் சொல்வாள்.

“எங்கிட்ட வர்றவங்க பல்லுல எனக்கும் ஒரு பங்கு இருக்குன்னு வைங்க. பிடுங்கணும்னு சொல்ல எனக்கு மனசு வருமா?”

“பல்லு வேற, ஷூ வேற.”

“ஆளு ஒண்ணுதானே?”

பதில் யோசிப்பதற்குள் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். சமையலறையைப் புதுப்பிக்க எடுத்துவைத்த பணம் இருக்கிறது. அலமாரிக் கதவு ஒன்று கையோடு வருகிறது, குழாய்க்குத் துணி சுற்றியிருக்கிறோம். அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். “உங்க இஷ்டம்” என்றாள் கடைசியில். கல்யாணமான எவனும் இதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டான். நான் எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 15

போட்டாச்சு.

மார்ச் 28

கோட்டுக்காரரும் போட்டுவிட்டார். தம்பி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

வியாழன் மட்டும் போய்க்கொண்டிருந்தவன் இப்போது திங்கள், புதன் எல்லாம் போகிறேன். ஆளில்லாத அறையில் மின்விசிறி எதற்கு என்று இன்று ஒரு சத்தம் போட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையனின் ஷூவைப் பார்த்து, “நம்ம கம்பெனி ஷூ வாங்கிப் பாரு” என்றேன். அவன் இடம் மாறி உட்கார்ந்தான்.

ஒன்று கவனித்தேன். ஷூ எல்லாம் முன்னைவிட அழகாக இருக்கிறது. கழிக்க ஒன்றுமே அகப்படவில்லை.

ஏப்ரல் 8

ஒரு பள்ளிக்கூடம் ஆயிரம் ஜோடி கேட்டிருக்கிறது! மே கடைசியில் கொடுத்தாக வேண்டும். கம்பெனி தலையெடுத்துவிடும். சமையலறைக்கு என்ன நிறம் வேண்டும் என்று மனைவியிடம் கேட்டேன். “முதல்ல குழாயைப் பாருங்க” என்றாள்.

ஏப்ரல் 21

ஒரு ஷூவை எடுத்து வளைத்தேன். முன்பக்கம் சோல் லேசாக வாய் திறந்தது. நகம் நுழையும் அளவு. பசை ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும். அவசரத்தில் பாதி நாளில் எடுத்துவிடுகிறார்கள்.

எல்லாரும் என் முகத்தையே பார்த்தார்கள்.

“புதுசுல அப்படித்தான் இருக்கும். போடப் போட சரியாயிடும்” என்றேன்.

தம்பிக்குச் சந்தோஷம். அக்கா அந்த ஷூவை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். டீ வந்தது. குடிக்காமல் கிளம்பிவிட்டேன்.

ஏப்ரல் 22

போடப் போட சரியாயிடுமா? எந்த ஊர்ல எந்த ஷூடா அப்படி சரியாச்சு?

ஒரு குழந்தை ஓடும்போது அது பிய்ந்து தடுக்கினால் — மூக்கு உடையும். இதே காரணத்துக்காக ஒரு லாரிச் சரக்கையே திருப்பி இறக்க வைத்தவன் நான். முதலாளி காலில் விழாத குறை. நான் அசையவில்லை. பயமே தெரியாத ஆள் என்று என்னைப் பற்றி எனக்கே பெருமை. இப்போதுதான் தோன்றுகிறது, அது முதலாளி காசில் வந்த தைரியமோ?

வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை இல்லை.

ஏப்ரல் 23

அக்கா வீட்டுக்கே வந்துவிட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“சார், ஒண்ணு கேக்கலாமா? பணம் போடாத சார் அந்த ஷூவைப் பாத்திருந்தா என்ன சொல்லியிருப்பார்?”

என் மனைவி புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“மொத்த சோலையும் பிரிச்சு மறுபடி ஒட்டுன்னு சொல்லியிருப்பான்” என்றேன்.

“மே கடைசிக்கு முடியாது. ஆர்டரே போனாலும் போயிடும்.”

“போனா போகட்டும்னு சொல்லியிருப்பான்.” போவது என் சமையலறையும்தானே.

“அப்ப அவர் சொன்னதையே கேக்கறேன் சார்” என்றாள். பிறகு தயங்கித் தயங்கி, “இனிமே வியாழக்கிழமை...”

அவளை முடிக்க விடவில்லை. எனக்குப் பதிலாகத் தரம் பார்க்கக் கண்ணாடியம்மாவின் நம்பரை எழுதிக் கொடுத்தேன். எங்கள் ஃபேக்டரிச் சரக்கை வாங்கிய கடைக்காகத் தரம் பார்த்த அம்மாள். நான் பாஸ் செய்ததையே திருப்பி அனுப்பிய ஒரே பிறவி. ஜென்மத்துக்கும் அவருடன் பேசுவதில்லை என்று இருந்தேன்.

மே 30

பள்ளிக்கூடம் ஒரு மாதம் பொறுத்துக்கொண்டது. ஆனால் ஆர்டரைப் பாதியாக்கிவிட்டது. மனைவி குழாய்க்குப் புதுத் துணி சுற்றினாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ஜூன் 16, வியாழன்

பங்குதாரர் என்ற முறையில் போய் மூலையில் உட்கார்ந்தேன். கண்ணாடியம்மா பத்தில் எட்டைக் கழித்தார்! எட்டு! ஒவ்வொன்றும் மேஜையில் விழும்போது எனக்கு வயிறு எரிந்தது. இந்த அம்மாளின் வாயில் ஒரு நல்ல வார்த்தை வராதா? அதில் மூன்று நல்ல ஷூ. சரி, இரண்டு. வீட்டில் வந்து யோசித்தால் ஒன்றுகூட இல்லை.

பக்கத்தில் கோட்டுக்காரருக்கும் எரிந்திருக்க வேண்டும். என் காதருகே குனிந்தார். “இந்தம்மாவையும் கொஞ்சம் பணம் போடச் சொன்னா என்ன சார்?”

“அவங்க ஒரு பைசா போட்டாக்கூட, நான் என் பணத்தை எடுத்துக்குவேன்” என்றேன்.