கையோடு வரவேண்டிய பெட்டி

மயிலாப்பூர்
ஞாயிற்றுக்கிழமை மதியம்

அன்பு மகள் கீர்த்திக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் சுகமாக இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் அந்த டப்ளின் குளிரில் சளி, இருமல் என்று படுத்துக்கொள்ளாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை. தினமும்தான் போனில் பேசுகிறோமே, இப்போது எதற்கு இந்த அம்மாவுக்குக் கடிதம் எழுதும் ஆசை என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் ஆரம்பித்தால் நீ பாதியில் புகுந்து முடித்து வைக்கிறாய், நீ முடிப்பது நான் சொல்ல வந்ததாகவும் இருப்பதில்லை. காகிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. உன் ஆபீஸ் சுரேஷ்குமார் தங்கை கல்யாணத்துக்கு வந்தவர் வியாழக்கிழமை திரும்புகிறார், அவர் கையில் இதையும் ஒரு பெட்டியையும் கொடுத்தனுப்புகிறேன். பெட்டியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், அதற்குள் கத்தரிக்கோலை எடுக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். புத்தகக் கடையை இத்தோடு விட்டுவிட்டு இரண்டு பேரும் எங்களோடு வந்து இருந்துவிடுங்கள் என்று நீ தீபாவளியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாய். கட்டடச் சொந்தக்காரர் கதிரேசனும் இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். மழையில் கடைக் கூரையின் காரை பெயர்ந்து விழுந்து கம்பி வெளியே தெரிந்ததே, நல்லவேளை அன்று கடை லீவு, இல்லாவிட்டால் அப்பா அதற்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருப்பார். கூரையை உடைத்துப் புதிதாகப் போட வேண்டும், சித்திரை வரை ஆகும், நீங்கள் திரும்பி வருவதாக இருந்தால் இடம் உங்களுக்குத்தான், இல்லையென்றால் இன்னொருவர் காத்திருக்கிறார் என்று கதிரேசன் மரியாதையாகத்தான் சொன்னார். உள்ளதைச் சொன்னால் அப்போது நானும் உன் கட்சிதான். அப்பா ஏணி உச்சியில் நின்றுகொண்டு கீழே இருப்பவரிடம் அரை மணி நேரம் கதை பேசுகிற மனிதர். பார்க்கும்போதெல்லாம் நான் ஓடிப்போய் ஏணியைப் பிடித்துக்கொள்வேன். போதாக்குறைக்கு மறதி வேறு வருகிறது என்று நீ சொல்லிச் சொல்லி எனக்கும் அந்தப் பயம் ஒட்டிக்கொண்டது.

கடையைக் காலி செய்ய வேண்டும், புத்தகங்களை எங்கே வைப்பது? தி.நகர் பெரியப்பாவின் துணி குடோனில் ஒரு மூலை கேட்டுப் போனோம். பெரியப்பா சிரித்துக்கொண்டே, ஏலே பொன்ராஜு, நம்ம ஆளுவ எல்லாம் துணி, நகை, பாத்திரம்னு இருக்கையில நீ மட்டும் காகிதத்தைக் கட்டிக்கிட்டு அழுதே, பேசாம அந்த இடத்துல நைட்டிக் கடை போடு, சரக்கு நான் தாரேன் என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவிட்டார். மறுநாள் கடை வாசலில் அட்டைப்பெட்டிகளோடு நாங்கள் முழித்துக்கொண்டிருக்கும்போது ஜெயஸ்ரீ மாமி வந்தார். உனக்குத் தெரியுமே, மந்தைவெளியிலிருந்து காய் வாங்க வந்துவிட்டுப் புத்தகத்தோடு போகிறவர். எங்காத்துல ஒரு ரூம் சும்மாத்தானே கிடக்கு, ஒரு பெட்டியை நான் வெச்சுண்டா என்ன என்று கேட்டார். அவ்வளவுதான், அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அன்று சாயங்காலத்துக்குள் கடையை அலமாரி அலமாரியாகப் பிரித்து வாசகர்கள் வீடுகளுக்கு அனுப்பிவிட்டார். ஒரு அலமாரி, ஒரு பெட்டி, ஒரு வீடு. யாருக்காவது புத்தகம் வேண்டுமென்றால் அப்பாவுக்குப் போன் செய்ய வேண்டும், அது எந்த வீட்டில் இருக்கிறது என்று அப்பா சொல்வார், அவர்கள் அங்கே போய் மணி அடித்து வாங்கிக்கொள்ள வேண்டும். பெட்டி வைத்திருப்பவர்கள் எடுத்துப் படிக்கலாம், பக்கத்தை மட்டும் மடக்கக் கூடாது. எந்தப் பெட்டி எங்கே என்று எழுதி வையுங்கள் என்று தலையால் அடித்துக்கொண்டேன். நெற்றியைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விட்டார். கடையில் ஒரு பழக்கம் உண்டே, வாங்குகிறவரை ஸ்டூலில் உட்காரவைத்து முதல் பக்கத்தைப் படிக்கச் சொல்வாரே, அதையும் விடவில்லை. வாசகர்களுக்கென்று நான் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தேன், தினமும் மாலையில் அப்பா ஏதாவதொரு புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படிப்பார், நான் பதிவு செய்து போடுவேன். ஒருநாள் சோகமான இடத்தில் நம் குக்கர் விசில் அடித்துவிட்டது, குழு முழுக்க என்ன குழம்பு என்று விசாரிப்பு.

கீர்த்தி, இது நடக்கும் என்று நான் நம்பவே இல்லை. ஒரு வாரத்தில் எல்லாரும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். கோடம்பாக்கத்தில் கனகராஜ் சார் இருக்கிறாரே, சினிமாவில் எடிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், அவர் வீட்டில் துப்பறியும் கதைப் பெட்டி. புத்தகம் வாங்க வந்தவர்கள் இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லையாம். கொலைகாரன் யாரென்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார் என்று அவர் மேல் இரண்டு புகார் வந்திருக்கிறது. ஒரே கடைக்குப் பல வருஷமாக வந்துபோய் ஒருவரையொருவர் முகம் பார்க்காதவர்கள் இப்போது ஒருவர் வீட்டில் ஒருவர் காபி குடிக்கிறார்கள். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டதில் நம் தெருவுக்கு ஆட்டோவே வரமாட்டேன் என்கிறது, ஆனாலும் அப்பாவைப் பார்க்க யாராவது வந்துகொண்டே இருந்தார்கள்.

இந்த நிலையில்தான் போன மாதம் ஒரு சங்கடம் வந்தது. அடையாறிலிருந்து ஒரு டாக்டரம்மா பேரக்குழந்தைகளுக்குப் புத்தகம் கேட்டார். குழந்தைகள் பெட்டி ஜெயஸ்ரீ மாமி வீட்டில் என்று அப்பா யோசிக்காமல் சொன்னார். அவர் அந்த டிராபிக்கில் காரை ஓட்டிக்கொண்டு மந்தைவெளி போனால், மாமி பெங்களூரில் மகள் வீட்டில் இருக்கிறார், கதவைத் திறந்த மாமா, அப்படி ஒண்ணும் இங்க வரலியே என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்கே வெச்சீங்கன்னு உங்களுக்கே தெரியலைன்னா என்னை எதுக்கு சார் அலைய விட்டீங்க என்று டாக்டரம்மா போனில் கேட்டது என் காதிலேயே விழுந்தது. மாமிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. அப்பா ஒவ்வொரு வீடாகக் கேட்க ஆரம்பித்தார், உங்ககிட்டயா குடுத்தேன், உங்ககிட்டயா குடுத்தேன் என்று. எங்கேயும் இல்லை. அவர் குரல் ஒவ்வொரு போனுக்கும் இறங்கிக்கொண்டே போனதைக் கேட்டுக்கொண்டு நான் அடுப்படியில் நின்றேன். கடைசியில் போனை வைத்துவிட்டு, வடிவு, கீர்த்தி சொல்லுதது சரிதான் போல, எனக்கு மறதி வந்துட்டு, கதிரேசன்ட்ட இடம் வேண்டாம்னு சொல்லிருவோம் என்றார்.

இதைத்தானே நீ எதிர்பார்த்தாய், நானும்தான் எதிர்பார்த்தேன். அவர் வாயாலேயே வந்துவிட்டது, எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அன்று மாலை அவர் பக்கம் படிக்கவில்லை, மறுநாளும் படிக்கவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கை துடைக்கிற துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தாங்கவில்லையடி. கடையை விடுவது வேறு, தன் மேல் நம்பிக்கை போய், அதனால் விடுவது வேறு. இவரை இப்படி அழைத்துக்கொண்டு வந்து உன் வீட்டு ஜன்னலோரம் உட்காரவைத்தால் அது நமக்கு நன்றாக இருக்குமா? குழுவில் எல்லாரும் இன்றைக்குப் பக்கம் வரவில்லையே என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெட்டி தொலைந்த விஷயத்தை அங்கே போட வேண்டாம், மானம் போகும் என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து நானே கேட்டுவிட்டேன், குழந்தைகள் புத்தகப் பெட்டி யாரிடம் இருக்கிறது, தயவுசெய்து சொல்லுங்கள் என்று.

அவர் தலை துவட்டி முடிப்பதற்குள் போன் வந்துவிட்டது. கமர் ஜஹான் டீச்சர், சைதாப்பேட்டைக்காரர், பெசன்ட் நகர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் வேலை, தம்பி கல்யாணத்துக்கு வாணியம்பாடி போயிருந்தார். பின்னால் ஒரே கூச்சல், அதற்கு நடுவே கத்தினார். அந்தப் பெட்டியாம்மா, மாமி வீட்டுக்கு ஒரு புஸ்தகம் எடுக்கப் போனேன், பிள்ளைங்களுக்கு ஆகும்னு மொத்தமா கொண்டு வந்துட்டேன், நான் ஊருக்கு வர்றப்ப நம்ம தேவானை வீட்ல வெச்சிருக்கேன், பத்திரமா இருக்கு என்றார். சற்று நேரத்தில் மாமியும் பெங்களூரிலிருந்து கூப்பிட்டார். ஐயோ, நான்தான் எடுத்துண்டு போங்கோன்னேன், சார்ட்ட சொல்லணும்னு நேக்குத் தோணவே இல்லையே, எங்காத்துக்காரருக்குக் கட்டிலுக்கு அடில என்ன இருக்குன்னே தெரியாது என்று புலம்பினார். நீ கவனித்தாயா, யாருக்குமே அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. வேண்டுமென்றே செய்யவில்லை, தங்கள் கடையில் ஒரு அலமாரியிலிருந்து இன்னொரு அலமாரிக்கு மாற்றி வைத்த மாதிரி நினைத்துவிட்டார்கள். அப்பா மறக்கவில்லை, அவர் வைத்த இடம் சரிதான். ஈரத் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்து, பாத்தியா வடிவு, பாத்தியா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண் கலங்கியது எனக்குத்தான்.

உடனே பார்க்க வேண்டும் என்று அடம். பெசன்ட் நகர்க் கடற்கரையில் தேவானை இருக்கும் ஊரூர் ஒல்காட் குப்பத்துக்குப் போனோம். தேவானை மீன் விற்கிற பெண், அவள் மகள் நிஷா டீச்சரிடம் படிக்கிறாள். வீட்டில் அட்டைப்பெட்டியைக் காணோம், ஒரு பெரிய தெர்மாகோல் பெட்டிதான் இருந்தது, மீனுக்கு ஐஸ் போட்டு வைப்பார்களே, அது. அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. தேவானை மூடியைத் திறந்து, பயப்படாத சார், அட்டப்பொட்டி ஈரத்துல நமுத்துப் பூட்ச்சு, அதான் புதுப் பொட்டி வாங்கி வெச்சிகீறேன், மீன் இன்னும் இதுல படவே இல்ல என்றாள். அப்பா ஒரு புத்தகத்தை எடுத்து மோந்து பார்த்தார் பார், எனக்கு வெட்கமாகப் போய்விட்டது, அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு பக்கம்கூட மடங்கவில்லை. எடுத்துப் போக ஆட்டோ கொண்டுவரட்டுமா என்று அப்பா கேட்டார். இன்னாத்துக்கு சார், புள்ளைங்க இன்னும் படிச்சிக்கினு கீதுங்க, நீ கடை தொற, அன்னிக்கு நானே கையோட கொணாந்து வெக்கிறேன் என்றாள். டாக்டரம்மாவுக்கு அங்கிருந்தே போன் செய்து வழி சொன்னோம். அவரும் வந்தார், புத்தகத்தோடு வஞ்சிர மீனும் வாங்கிக்கொண்டு போனார்.

வரும் வழியில் ஆட்டோவில், எந்தப் பெட்டி எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. உன் நிம்மதிக்காகப் பிறகு நம் குடும்ப டாக்டரிடமும் காட்டிவிட்டேன், இந்த வயசுக்கு நன்றாகவே இருக்கிறார், வைட்டமின் மாத்திரை மட்டும் போடச் சொன்னார். அன்று குப்பத்திலிருந்து வீட்டுக்கு வந்ததும் கதிரேசனுக்கு நானே போன் செய்தேன், அப்பா அல்ல, நான். இடம் எங்களுக்கு வேண்டும், கூரையை நன்றாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். இதுதான் உனக்கு என் பதில். கோபப்படாதே. உன் பயம் பொய் என்று சொல்லவில்லை. இனி ஏணி ஏறமாட்டேன் என்று அவரிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன், காலையில் கனகராஜ் சார் கடைக்கு வந்து உட்காருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார், சாயங்காலம் மட்டும் அப்பா. ஆனி மாதம் உங்களிடம் வந்து ஆசை தீர இருக்கிறோம், ஆனால் திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே போடு.

மாப்பிள்ளைக்குப் பருப்புப் பொடி தனியாகக் கட்டியிருக்கிறேன், நீ எடுத்துத் தீர்த்துவிடாதே. தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகும் பழக்கத்தை விடு. வேலை வேலை என்று மதியச் சாப்பாட்டைச் சாயங்காலம் சாப்பிடாதே. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் நிறைந்து, ஒருவருக்கொருவர் துணையாக நீண்ட காலம் இருக்க வேண்டும்.

இப்போது பெட்டியைப் பிரி. கல்லாவுக்குப் பக்கத்து அலமாரியின் கீழ்த்தட்டு, நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து சாய்ந்து உட்காருவாயே, அதில் இருந்த புத்தகங்கள். எல்லார் வீட்டுக்கும் பெட்டி போயிருக்கிறது, நம் பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டாமா என்று அப்பா இதை யாருக்கும் கொடுக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார். அங்கே தமிழ் படிக்கிறவர்கள் யார் கேட்டாலும் கொடு, பக்கத்தை மடக்க விடாதே. தேவானை சொன்னதை அப்பா விதியாகவே போட்டுவிட்டார். கடை திறக்கும்போது பெட்டி வைத்திருப்பவர்கள் அவரவர் கையால் கொண்டு வந்து, அவரவரே அலமாரியில் அடுக்க வேண்டும். உனக்கும் அதேதான். சித்திரையில் லீவு கிடைக்காது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். எப்போது முடியுமோ அப்போது வா. பார்சலில் மட்டும் அனுப்பாதே, வாங்கமாட்டார். நீ வந்து அடுக்குகிற வரைக்கும் அந்தக் கீழ்த்தட்டு காலியாகவே இருக்கும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்
அம்மா
சண்முகவடிவு