மாமனாருக்காக எழுதிய வசனம்

நல்லம்பள்ளி,
17-8-1986

அன்புள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி தீர்த்தம்மாள் எழுதுவது.

இங்கு எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் என் வழக்கம். இந்த ஒரு கடிதத்தை அப்படித் தொடங்க எனக்குக் கை வரவில்லை. இதை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் படிக்காதீர்கள். வெள்ளிக்கிழமை லீவு நாளில், உங்களோடு அறையில் தங்கியிருக்கும் நம்மூர் முனியப்பன் அண்ணன் பக்கத்தில் இருக்கும்போது உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் என் படிப்புச் சங்கதி. மஸ்கட்டுக்குப் போகும் முன் நீங்களே ஃபாரம் வாங்கி வந்து என்னை அஞ்சல் வழியில் பி.ஏ. தமிழ் சேர்த்துவிட்டீர்கள் அல்லவா? நாடகப் பாடத்துக்கு நான் அனுப்பிய விடைத்தாள் திருத்தி வந்துவிட்டது. இருபதுக்கு எட்டு. சிரிக்க வேண்டாம். பத்தாவதில் நீங்கள் கணக்கில் வாங்கியது எனக்குத் தெரியும்.

நாடகத்தின் கதை இதுதான். ஒருவன் தொலைதூரத்துக்கு அணை கட்டப் போகிறான். ஊரில் அவன் தாய் இறந்துபோகிறாள். தெரிந்தால் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான், அணை நின்றுவிடும் என்று அவன் மனைவி மறைத்துவிடுகிறாள். தாய் உயிரோடு இருப்பதுபோலவே அவனுக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கிறாள். "அவள் மறைத்தது அறமா, பிழையா? பாத்திரப் படைப்பின் வழி ஆராய்க" என்று கேள்வி. அறம் என்று இரண்டு பக்கம், பிழை என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். திருத்தியவர் சிவப்பு மையில், "இரு பக்கமும் நன்றாகச் சொல்கிறீர்கள். முடிவு சொல்லாமல் நழுவிவிட்டீர்கள்" என்று எழுதியிருக்கிறார். என் முகத்தைக்கூடப் பார்க்காத மனிதர், குட்டை உடைத்துவிட்டார்.

அத்தையிடம் அந்தக் கதையைச் சொன்னேன். கடலைக்காய் உரித்துக்கொண்டே கேட்டார். "அவ செஞ்சது சரிதான். ஆயிரம் பொய்யச் சொல்லி ஒரு கண்ணாலம் பண்றாங்க. ஒரு பொய்யச் சொல்லி ஒருத்தன நிம்மதியா சோறு திங்க வெச்சா சாமி ஒண்ணும் கண்ணக் குத்தாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "கடைசில அவன் வந்து பொண்டாட்டிய என்னா கேட்டான்?" என்றார். ஒன்றும் கேட்கவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான் என்று சொன்னேன். அத்தை உரித்த பருப்பையும் தோலையும் ஒரே முறத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அதைக் கவனிக்கக்கூட இல்லை.

மாமா, நானும் இனி நழுவ மாட்டேன். உங்கள் அப்பா இறந்துவிட்டார். வைகாசி பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, மாட்டுக்குச் சோளத் தட்டு அறுத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தார். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குக் காரில் போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. ரொம்பக் கஷ்டப்படவில்லை. தலை என் மடியில்தான் இருந்தது. உங்கள் சித்தப்பா மகன் நஞ்சப்பன் கொள்ளி போட்டார். "அண்ணன் எடத்துல நான் நிக்கறன். அண்ணன் வந்து செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கறன்" என்று அவர் அழுததை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்று சாயங்காலமே அத்தை என் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். பாஸ்போர்ட் கம்பெனியிடம் இருக்கிறது, பாதியில் வந்தால் திரும்பப் போக விடமாட்டார்கள், தை மாதம் இரண்டு வருஷம் முடிந்து அவனாக வரும்போது தெரிந்துகொள்ளட்டும் என்றார். முனியப்பன் அண்ணன் வீட்டிலும் அவருக்கு எழுத வேண்டாம் என்று சொல்லிவைத்தோம். அவருக்கும் இப்போதுதான் தெரியப்போகிறது. அவர்மேல் கோபப்படாதீர்கள்.

அதற்குப் பிறகு வந்த மூன்று கடிதங்களில் "அப்பா சொல்வது" என்று இருந்ததெல்லாம் நானே எழுதியது. அப்பா சொல்லி முடித்த இடத்தில் கைநாட்டு வைப்பார் இல்லையா? வைக்காவிட்டால் நீங்கள் சந்தேகப்படுவீர்கள் என்று அத்தை தன் கட்டைவிரலை மையில் தொட்டு வைத்தார். ஆடி மாதக் கடிதத்தில் மை பரவியிருந்ததைப் பார்த்து, அப்பாவுக்குக் கை நடுங்குகிறதா என்று கேட்டிருந்தீர்கள். நடுங்கியது அத்தைக்கு.

இதைவிடப் பெரிய தப்பு என்னுடையது. "மகனே, உன்னை நினைக்காமல் ஒரு வாய் களி இறங்கவில்லை" என்று ஆனி மாதத்தில் எழுதினேன் அல்லவா? அப்பா என்னை மகனே என்று அழைத்தது இதுதான் முதல் தடவை, அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன் என்று பதில் போட்டீர்கள். படித்ததும் முதலில் எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பிறகுதான் பயம் வந்தது. அப்பா அப்படிப் பேசுகிற ஆளா? "கெணத்துல ரெண்டாளு மட்டம் தண்ணி இருக்குதுன்னு எழுது. செவலப் பசு செனைன்னு எழுது. போதும், ஒட்டிடு" என்பாரே, அதோடு சரி. நான் வேறு யாரோ ஒரு அப்பாவைச் செய்து உங்களுக்கு அனுப்பிவிட்டேன். நீங்கள் அந்த ஆளை நினைத்து அழுது, பெற்ற மனிதரை விட்டுவிடக் கூடாது.

பாத்திரத்தை அதன் பேச்சை வைத்து மட்டும் எடைபோடாதே, செய்கையைப் பார் என்று என் பாடத்தில் இருக்கிறது. நானும் உட்கார்ந்து பார்த்தேன். நீங்கள் போன புதிதில் ஒருநாள், "அங்க இப்ப மணி என்னா இருக்கும்?" என்று கேட்டார். நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் என்றேன். உச்சிப் பொழுதுக்குக் களி தின்று பழகியவர், அதற்கப்புறம் இரண்டரை மணிக்கு முன்னால் தட்டில் கை வைத்ததே இல்லை. களி ஆறிப்போகிறது என்று அத்தை கத்தினால், "பசிக்கல" என்பார். ஒரு மணிக்குத்தான் எங்களுக்குச் சாப்பாட்டு பெல் அடிப்பார்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துக் காட்டியதும் நான்தான், இரண்டரைக்குக் களி போட்டதும் நான்தான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவர் சாக வேண்டியிருந்தது. மாமா, உங்கள் சட்டைப் பையில் இருப்பதைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள். இதில் என் சரக்கு ஒன்றும் இல்லை.

என் விடையை இப்போது எழுதுகிறேன். மறைத்தது பிழை. அந்த நாடகத்துப் பெண் என்ன காரணம் சொன்னாலும் பிழைதான். பெற்றவருக்காக அழ வேண்டிய நாளை உங்களிடமிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டோம், அதைத் திருப்பித் தர முடியாது. கிளம்பி வருவதானாலும், தை வரை இருப்பதானாலும் உங்கள் மனம் சொல்கிறபடி செய்யுங்கள். வந்தால் வேலை போகும் என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எனக்கு இரண்டு கை இருக்கிறது, எட்டு மார்க் வாங்கிய மூளையும் இருக்கிறது.

இந்தக் கடிதம் எழுதுவது அத்தைக்குத் தெரியாது. அழுகையைக் கேட்டு ஊரில் யாராவது உங்களுக்கு எழுதிவிடப்போகிறார்கள் என்று பயந்து, கருமாதி முடிந்த அன்றோடு அவர் அழுவதை நிறுத்திவிட்டார். ஒப்பாரி எடுத்த பக்கத்து வீட்டுப் பெண்களையும் வாயை மூடச் சொல்லித் திருப்பி அனுப்பினார். என்னைத் திட்டுவதானால் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டி எழுதுங்கள், நான் தனியாகப் படித்துக்கொள்கிறேன். ஆனால் அத்தைக்கென்று தனித்தாளில் நாலு வரி போடுங்கள். உன்மேல் கோபம் இல்லை அம்மா, அப்பா இறந்தது எனக்குத் தெரியும், இனி அழலாம் என்று எழுதுங்கள். அதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து நான் படித்துக் காட்ட வேண்டும். அவரோடு சேர்ந்து நானும் அழ வேண்டும். அப்பா உயிரோடு இருப்பதாக உங்களுக்கு எழுதி எழுதி, மாமா, நான் அவருக்காக இன்னும் ஒரு தடவைகூட அழவில்லை.

உங்கள் மனம் கல்லாகாமல் சாமி காக்கட்டும்.

என்றும் உங்கள்,
தீர்த்தம்மாள்