தீசோன் சாப்பிடவில்லை, அப்பா

ஜூலை 14, செவ்வாய் இரவு

என் அன்பு அப்பாவுக்கு,

நெல்டா எழுதுகிறேன். நானும் அத்தையும் நலம். உங்கள் தொண்டையில் செய்த ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வெள்ளிக்கிழமை வானொலியில் பண்ணைச் செய்தி நேரத்தில் படித்தார்கள். கேட்டதும் அத்தை மாவுக் கையோடு அப்படியே அடுப்பின் முன்னால் மண்டியிட்டுவிட்டார்.

நான் எழுதுவது அத்தைக்குத் தெரியாது. ஜெனரேட்டரை நிறுத்திய பிறகு போர்வைக்குள் டார்ச் விளக்கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதீர்கள். “அவனுக்கு ஒரு கவலையும் கொடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். நாயைப் பத்தி மூச்சு விட்டே, தோலை உரிச்சுடுவேன்” என்று அத்தை சொல்லியிருக்கிறார். உங்களிடம் கேட்காமல் நான் வேறு யாரிடம் கேட்பேன்?

சனிக்கிழமை அத்தை வானொலிக்குக் கொடுத்த பதில் உங்களுக்கும் கேட்டிருக்கும். “புந்தா அரேனாஸ் ஆஸ்பத்திரியில் இருக்கும் எலியேசர் பாரியாவுக்கு. வீட்டில் எல்லாரும் சுகம். ஆடுகள் சுகம். நாய் நன்றாகச் சாப்பிடுகிறது.” தீவு முழுக்கக் கேட்டது. கடைசி வரி பொய், அப்பா. நீங்கள் படகேறிய நாளிலிருந்து தீசோன் ஒரு வாய் தின்னவில்லை. இன்றோடு ஒன்பது நாள். தண்ணீர் மட்டும் குடிக்கிறான். முதுகெலும்பை விரலால் எண்ணலாம்.

முதல் இரண்டு நாள் யாரும் கவலைப்படவில்லை. “எசமான் இல்லேன்னதும் துரைக்கு மொகம் தூக்கிக்கிச்சு” என்று பண்ணை மேஸ்திரி மான்சில்யா சிரித்தார். பிறகு அத்தை ஆட்டு விலாவை வைத்துப் பார்த்தார். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். ஈரலை வதக்கி வைத்தார். பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டார். எனக்குக்கூட ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிடைக்கிற முட்டையை அவனுக்கு வேகவைத்தார். “உன் அப்பா இதை நாயா வளர்க்கலை, பிஷப்பா வளர்த்திருக்கான். இனி மேசைத் துணி ஒண்ணுதான் பாக்கி” என்று கத்தினார். கத்திவிட்டு அவனுக்காகத் தனியாகக் கஞ்சியும் காய்ச்சினார்.

இன்று மேஸ்திரி குதிரையில் வந்தார். தீசோனின் விலாவைத் தடவிப் பார்த்தார். இந்த முறை சிரிக்கவில்லை. “ஓர்ஃபெலினா, இதுக்கு மேல இழுத்தா பாவம். ஞாயித்துக்கிழமை பாப்பா லாரியில பள்ளிக்கூடம் போகட்டும். அவ போனப்புறம் நான் துப்பாக்கியோட வர்றேன். எலியேசர்கிட்ட நானே சொல்லிக்கிறேன்” என்றார். நான் விறகறையில் நின்று கேட்டேன். அத்தை மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவரோ மேஸ்திரிக்கு மாத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

மேஸ்திரி கெட்டவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது. கெட்டவராக இருந்தால் கெஞ்சி அழுது பார்க்கலாம்.

நீங்கள் என்ன செய்து அவனைச் சாப்பிட வைப்பீர்கள்? வியாழக்கிழமை ஒயார்சோவின் லாரி வரும்போது இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுத வேண்டாம், நாள் போதாது. வானொலிக்கு ஒரு வரி சொல்லியனுப்புங்கள். அத்தைக்குப் புரியாதபடி சொல்லுங்கள், எனக்குப் புரிந்துவிடும்.

ஜூலை 16, வியாழன் இரவு

பனி முழங்காலுக்கு மேல் விழுந்துவிட்டது. லாரி வரவில்லை. சனிக்கிழமைதானாம். அதனால் இந்தக் கடிதம் இன்னும் என் தலையணை உறைக்குள்தான் இருக்கிறது. இனி உங்கள் பதில் எப்படியும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வராது. நானே யோசிக்க வேண்டியதாகிவிட்டது.

நேற்று ஒன்று நடந்தது. அத்தை கொழுப்பை உருக்கி, நடுவில் ஈரல் துண்டை வைத்து, எலுமிச்சம்பழம் அளவில் உருண்டை பிடித்தார். “இதைத் தின்னாத நாய் இந்தத் தீவுலயே கிடையாது” என்றார். பின்வாசலில் அவன் நடந்து போகிற வழியில், தானாகக் கிடக்கிற மாதிரி போட்டுவிட்டு ஒளிந்து நின்றோம். தீசோன் அதைப் பார்த்ததும் மயிர் சிலிர்த்துக்கொண்டு உறுமினான். பின்னங்காலால் அதன் மேல் பனியைத் தள்ளினான். பிறகு ஓடி வந்து எனக்கும் உருண்டைக்கும் நடுவில் நின்றுகொண்டான். நான் அதைத் தொடக் கூடாது என்கிற மாதிரி.

அப்போதுதான் எனக்கு நம் பழைய நாய் பிளாங்கா ஞாபகம் வந்தது. நான் சின்னவள் என்பதால் மறந்திருப்பேன் என்று நினைத்தீர்களா? நரிக்கு விஷம் வைத்த கொழுப்பு உருண்டையைத் தின்றுவிட்டுப் பிளாங்கா வேலியோரம் சுருண்டு செத்துக் கிடந்தாள். நீங்கள் அவளைக் கோட்டுக்குள் வைத்துத் தூக்கி வந்தீர்கள். அடுத்த குளிர்காலம் முழுக்கக் குட்டி தீசோனுக்கு நீங்கள் பாடம் நடத்தினீர்கள். ஜன்னல் கண்ணாடியை மூக்கால் துடைத்துக்கொண்டு நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கறியை அவன் முன்னால் வைப்பீர்கள். அவன் பாய்ந்தால் மூக்கில் ஒரு தட்டு. காத்திருந்தால் அந்தச் சீழ்க்கை: கீழே ஒன்று நீளமாக, மேலே ஒன்று சுருக்கமாக. அதற்குப் பிறகுதான் தின்னலாம். அப்போது நம்மோடு இருந்த அம்மாவைக்கூட வைக்கச் சொல்லிப் பார்த்தீர்கள். அவன் தொடவில்லை. “இனி இவனை எவனாலயும் கொல்ல முடியாது” என்று சொல்லிவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினீர்கள். உங்கள் கோட்டில் புகையும் ஆட்டு ரோமமும் மணத்தன.

அப்பா, அவன் அடம்பிடிக்கவில்லை. நாங்கள் ருசியாகச் செய்யச் செய்ய, அது அவனுக்கு விஷ உருண்டை மாதிரியே தெரிந்திருக்கிறது. பசியோடு பசியாக நீங்கள் சொல்லிக் கொடுத்ததைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான்.

அத்தையிடம் சொன்னேன். “நாய்க்கு என்ன அவ்வளவு ஞாபகம்? பூசை மந்திரமா?” என்றார். ஆனால் உருண்டையை எடுத்து அடுப்பில் போட்டுவிட்டார்.

இன்னொன்றும் புரிந்தது. தினமும் சாயங்காலம் பண்ணைச் செய்தி தொடங்கும்போது அவன் எங்கே இருந்தாலும் எழுந்து வந்து வானொலிப் பெட்டிக்குக் கீழே படுத்துக்கொள்கிறான். கணப்புக்காக என்று நினைத்திருந்தேன். இல்லை. முன்பு ரோமம் விற்க நகரத்துக்குப் போகும்போதெல்லாம் நீங்கள் வானொலி நிலையத்துக்கே போய்ச் செய்தி சொல்வீர்களே. முடிவில் அந்த அறிவிப்பாளர், “பாரியா, நாயை மறந்துட்டீங்களே” என்பார். நீங்கள் சீழ்க்கை அடிப்பீர்கள். இங்கே நான் தட்டைத் தரையில் வைப்பேன், அவன் வாலால் நாற்காலியைத் தட்டிக்கொண்டே தின்பான். மறுநாள் பத்து வீட்டில் கேட்பார்கள்: “என்ன நெல்டா, உங்க வீட்டு நாய்க்கு நேத்து சாப்பாடு வானொலியில வந்துதாமே?” எனக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும் தெரியுமா?

இந்த முறை உங்கள் செய்தியை அறிவிப்பாளரே படித்தார். சீழ்க்கை வரவில்லை. தீசோன் பெட்டி அணைக்கிற வரை தலையைத் தூக்கி வைத்திருந்தான்.

நாளை நான் அடித்துப் பார்க்கப் போகிறேன். எனக்கு வராது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும்.

ஜூலை 17, வெள்ளி

சின்னதாக எழுதுகிறேன், டார்ச் மங்குகிறது. காலையிலிருந்து கொட்டகைக்குப் பின்னால் நின்று ஊதினேன். காற்றுதான் வருகிறது. உதடு வெடித்து ரத்தம் வந்துவிட்டது. அந்தப் பக்கம் போன மேஸ்திரி குதிரையை நிறுத்தி, “என்ன பாப்பா, தேநீர்க் கெண்டி கொதிக்குதா?” என்று கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டிக்கொண்டார். “ஞாயிறு மதியம் வரைக்கும்தான்” என்று சொல்லிவிட்டுப் போனார். தீசோன் இன்று வாசற்படி ஏறும்போது பின்னங்கால் மடங்கி விழுந்தான். நான் தூக்கினேன். கனமே இல்லை.

ஜூலை 18, சனி இரவு

அப்பா, அவன் சாப்பிட்டான்.

முதலிலிருந்து சொல்கிறேன். மதியம் உதட்டு எரிச்சலுக்காகக் கறிச்சட்டியிலிருந்து கொஞ்சம் ஆட்டுக் கொழுப்பை எடுத்துத் தடவினேன். தடவும்போதுதான் உங்கள் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் அந்தக் கொழுப்புத் தகர டப்பா ஞாபகம் வந்தது. குளிருக்காகத் தடவுகிறீர்கள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். உதட்டைக் குவித்து ஊதினேன். வந்துவிட்டது! கொட்டகையில் இருந்த குதிரைகள் எல்லாம் காதைத் திருப்பின.

உடனே அவனிடம் ஓடவில்லை. பயம். தப்பாக அடித்தால் அப்புறம் நம்பவே மாட்டான் என்று தோன்றியது. செய்தி நேரம் வரை காத்திருந்தேன். அவன் தள்ளாடி வந்து பெட்டிக்குக் கீழே படுத்தான். யார் யாருக்கோ செய்தி வந்தது: ஒருவருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, ஒருவரின் குதிரை வேலி தாண்டிப் போயிருக்கிறது. நமக்கு ஒன்றும் வரவில்லை. அறிவிப்பாளர் இரவு வணக்கம் சொன்னார். தீசோன் முகத்தைக் காலில் வைத்துக்கொண்டான். நான் தட்டைத் தரையில் வைத்தேன். வெறும் ஆட்டு விலா, நீங்கள் வைக்கிற மாதிரி, உப்பில்லாமல். பிறகு அடித்தேன். கீழே ஒன்று, மேலே ஒன்று.

அவன் முதலில் வானொலியைப் பார்த்தான். பிறகு கதவைப் பார்த்தான். பிறகு என்னை, ரொம்ப நேரம். அத்தை கரண்டியோடு அசையாமல் நின்றார். இன்னொரு முறை அடித்தேன், அழுகை வந்து பாதியில் உடைந்துவிட்டது. அது போதும் என்று நினைத்தான் போலிருக்கிறது. எழுந்து வந்து தின்றான். “மெதுவா, மெதுவாடா, தொண்டையில சிக்கிக்கும்” என்று சொன்ன அத்தை, சொன்னதுமே வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அத்தை ஏன் வாயைப் பொத்திக்கொண்டார் என்று எனக்குத் தெரியும், அப்பா.

செவ்வாய்க்கிழமை விறகறையில் நின்றபோது மேஸ்திரி சொன்னதை மட்டும்தான் முதலில் எழுதினேன். அவர் போகும்போது அத்தை சொன்னதையும் கேட்டேன். “டாக்டர் ஆள்கிட்ட சொல்லியனுப்பியிருக்கார், குரல்வளையையே எடுத்துட்டாங்களாம். கழுத்துல ஓட்டை வெச்சு அது வழியாத்தான் மூச்சாம். இனி பேச்சும் கிடையாது, சீட்டியும் கிடையாது. இந்தப் பொண்ணுகிட்ட நான் எந்த வாயால சொல்வேன்?” எனக்கு எழுதக் கை வரவில்லை. எழுதாவிட்டால் அது நடக்காத மாதிரி இருந்தது.

இப்போது எழுதிவிட்டேன். இனி நீங்கள் எனக்கு எப்படிச் சொல்வது என்று படுக்கையில் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். எனக்குத் தெரியும் என்று அத்தையிடமும் நானே சொல்லிவிடுகிறேன்.

லாரி இரவு வந்துவிட்டது. ஒயார்சோ மாமா கணப்புக்குப் பக்கத்தில் குறட்டை விடுகிறார். காலையில் நானும் இந்தக் கடிதமும் அவரோடுதான் போகிறோம். நான் போர்வெனிர் பள்ளி விடுதியில் இறங்கிக்கொள்வேன், கடிதம் படகில் உங்களிடம் வரும். தீசோனையும் கூட்டிப் போகிறேன். அவன் தின்றதைக் கேட்டு மேஸ்திரியே வந்து லாரியில் வைக்கோல் பரப்பிக் கொடுத்தார். நாயை வைத்துக்கொள்ளச் சொல்லி விடுதிச் சமையற்காரம்மாவுக்குக் காகிதம் எழுதித் தருவதாகவும் சொன்னார். “அந்தம்மா மறுத்தா சொல்லு, நானே அங்க வந்து குரைக்கிறேன்” என்றார்.

உங்களை வீட்டுக்கு அனுப்பும் நாளை வானொலியில் சொல்லச் சொல்லுங்கள். விடுதியிலும் பெட்டி இருக்கிறது. நீங்கள் படகிலிருந்து இறங்கும்போது நாங்கள் இருவரும் துறையில் நிற்போம். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம், கழுத்தைத் துணியால் மறைக்கவும் வேண்டாம். போன கோடையிலேயே உங்கள் சீழ்க்கை தேய்ந்துபோய், தீசோன் உங்கள் கையைப் பார்த்துத்தானே ஆட்டை மடக்கினான். அந்தக் கையைத் தூக்குங்கள், போதும். மீதியை நான் அடிக்கிறேன். தப்பாக அடித்தால் முன்பு மாதிரி முகத்தைச் சுளியுங்கள், திருத்திக்கொள்வேன்.

அவன் இப்போது என் காலடியில் தூங்குகிறான், வயிறு நிறைந்து. ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் நிமிர்ந்து கதவைப் பார்த்துவிட்டுத்தான் தின்றான். சீக்கிரம் வந்துவிடுங்கள், அப்பா. கன்னி மாதா உங்கள் மூச்சுக்குக் காவலாக இருக்கட்டும்.

உங்கள் மகள்,
நெல்டா